முழுப்பெயர், ஐசியில் உள்ளபடி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விழுந்த இடியில், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கணேசமூர்த்தி கிராணியின் கணினி செத்துப்போனது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அதிலிருந்துதான் ஒரு மின்னஞ்சல் போயாக வேண்டும். பவானேஸ்வரியின் அப்பா நல்லமுத்துவுக்கு நீல ஐசி, அதாவது குடிமகனுக்கான அடையாள அட்டை, கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த ஒரு மின்னஞ்சலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்லமுத்துவுக்கு அறுபத்தேழு வயது. ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அதே தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் செம்பனைக் குலை வெட்டி, முதுகெலும்பில் இரண்டு இடத்தில் தேய்ந்துபோய் நின்றவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. கிராணி பார்த்துக்கொள்வார் என்று அவருடைய அப்பன் சாமிக்கண்ணு இருந்துவிட்டார். அது தன் வேலையில்லை என்று அந்தக் காலத்துக் கிராணி இருந்துவிட்டார். அதனால் பன்னிரண்டு வயதில் கையில் கிடைத்தது சிவப்பு ஐசி. இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டு ஆள் இல்லை. பெண்டாட்டி வேலாயிக்கு நீலம். மூன்று பிள்ளைகளுக்கும் நீலம். தேர்தல் வந்தால் குடும்பத்தையே ஒவ்வொருவராக மோட்டாரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, ஹெல்மெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பது அவர் வேலை. ஒரு தடவை அங்கே நின்ற போலீஸ்காரன், நீங்கள் ஓட்டுப் போடவில்லையா என்று கேட்டதற்கு, மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சொல்லியிருக்கிறார்.

குடியுரிமைக்கு இரண்டு தடவை மனுப் போட்டார். இரண்டு தடவையும் வெற்றி பெறவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. மூன்றாவது தடவை பதிவு அலுவலக முகப்பில் இருந்த பெண் அதிகாரி கொஞ்சம் நல்ல மாதிரி. தோட்டத்தில்தான் பிறந்து வளர்ந்தார் என்று தோட்ட நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்தால் கோப்பு பலமாகும் என்றார். ஆனால் கையில் கொண்டுவரும் கடிதம் செல்லாது. மூடிப்போன தோட்டங்களின் பெயரில் பொய்க் கடிதங்கள் நிறைய வந்துவிட்டதால், தோட்டத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து, அலுவலகப் பதிவில் உள்ள பொறுப்பாளரே நேராக அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் என்று பதிவில் இருந்தது கணேசமூர்த்தி கிராணி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கோப்பு மேலே போய்விடும். அதற்குள் உள்ளே வந்து சேர்ந்ததுதான் கணக்கு.

தோட்டம் விற்று ஆறு வருஷமாகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள், வாசலில் காவலுக்கு நேப்பாளி. கம்பெனியில் மிஞ்சியது மலாக்கா டவுனில் ஒரு டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை, நாலு இரும்பு அலமாரி, மேசைக்கு அடியில் தோட்டத்து மின்னஞ்சல்கள் வந்து சேரும் ஒரு கறுப்புக் கணினிப் பெட்டி, அப்புறம் கிராணி. நில வழக்கு ஒன்று முடியும்வரை அந்த அறை இருக்கும். அதுவரை கிராணியும் இருப்பார்.

கோலாலம்பூருக்குப் போய்விட்ட மேனேஜரைப் பதினோரு தடவை கூப்பிட்டுத்தான் பவானி அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினாள். அவர் அனுப்பிய நகல், மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியில் வந்து விழுந்திருந்தது. அதை மறுபடி வெளியே அனுப்பத்தான் வழியில்லை. முகவரியின் கடவுச்சொல் இடி விழுந்த கணினிக்குள் இருந்தது. கிராணிக்கு அது மனப்பாடமாகத் தெரியாது. பெட்டியிலிருந்தே அனுப்ப வேண்டுமானால் படம், பொத்தான் எதுவும் இல்லாத கறுப்புத் திரையில் கட்டளையாகத் தட்ட வேண்டும். பவானி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் அந்த மாதிரிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தாள். பதினேழு வயதில் அதே தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, ஷிப்டு முடிந்து படித்து, மேலே ஏறி வந்தவள். வியாழக்கிழமை கிராணி கூப்பிட்டுச் சொன்னதும் இதென்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தாள். வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டாள்.

இப்போது குடியிருக்கும் பாயா ரும்புட்டிலிருந்து அப்பாதான் மோட்டாரில் கொண்டுவந்து விட்டார். மாடிக்கு வரச் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டார். கிராணிக்கு முன்னால் உட்கார இன்னும் அவருக்கு உடம்பு வளையவில்லை. டயர்க் கடை ஓரமாக மோட்டாரை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

கிராணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னா பவானி, உங்கப்பன் மேல வரமாட்டானா? நான் இப்ப பெரட்டா எடுக்கப்போறேன்?"

பெரட்டு என்றால் விடிவதற்கு முன் லயத்து வாசலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. முப்பது வருஷம் அந்தப் பேரைக் கூப்பிட்டவர் கிராணி.

"நிக்க வச்சே பழக்கிட்டீங்க, அங்கிள்" என்றாள் பவானி.

கிராணி சிரித்தார். அப்பா அவரை ஐயா என்பார். பவானி வேண்டுமென்றேதான் அங்கிள் என்பாள். கிராணிக்கு அது தெரியும். தெரிந்தாலும் கோபப்படுகிற இடத்தில் இப்போது அவர் இல்லை.

பழைய திரை ஒன்றைப் பெட்டியில் மாட்டினாள். ரூட்டின் கடவுச்சொல் அலமாரிக் கதவில் நாடா போட்டு ஒட்டியிருந்தது. ரூட் என்பது அந்தப் பெட்டிக்கே முதலாளி. எதையும் செய்யும், எதையும் அழிக்கும். ரூட்டாகவே உள்ளே போய்த் தன் போனுக்கு ஒரு வரி அனுப்பிப் பார்த்தாள். குப்பைப் பெட்டியில் போய் விழுந்தது. அனுப்பியவர் ரூட், முகவரி ஊர் பேர் தெரியாத ஒன்று. அரசாங்க அலுவலகத்துக்கு இப்படிப் போனால் யாரும் திறந்தே பார்க்கமாட்டார்கள்.

தொழிற்சாலையில் அவளுக்கு மேலே இருந்த திலீபன் ஒரு விஷயத்தைத் தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். ரூட்டாக உட்கார்ந்து வேலை செய்யாதே, உனக்கென்று ஒரு கணக்குத் திறந்து அதில் செய். பத்து வருஷத்தில் ஒரு நாளும் அவள் அதை மீறியதில்லை. மணி பதினொன்று அடித்திருந்தது. இருந்தாலும் முறையாகவே செய்தாள். பவானி என்று புதுக் கணக்குத் திறந்தாள். பெட்டி வரிசையாகக் கேட்டது. முழுப்பெயர் என்ன. அறை எண் என்ன. அலுவலகத் தொலைபேசி என்ன.

இந்த நாட்டில் முழுப்பெயர் என்று ஒரு கட்டம் வந்தால் கைக்கு ஒன்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து, வங்கியில், கிளினிக்கில், வேலை மனுவில், கல்யாணப் பதிவில், கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அதுதான் போட்டிருக்கும்: அடையாள அட்டையில் உள்ளபடி. பவானியின் விரல்கள் அவளைக் கேட்காமலே தட்டின. பவானேஸ்வரி ஏ/பி நல்லமுத்து. ஏ/பி என்றால் மகள். இன்னாரின் மகள் என்று அப்பன் பெயரையும் சேர்த்துத்தான் ஐசியில் ஒரு தமிழச்சியின் பெயர் முடியும். அறை எண்ணுக்கும் தொலைபேசிக்கும் ஒன்றும் போடாமல் என்டரைத் தட்டிக்கொண்டே போனாள்.

அப்புறம் அனுப்பும் கட்டளை. அனுப்புநர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் தோட்டத்து முகவரியை எழுதினாள். போனுக்கு ஒரு சோதனை விட்டாள். குப்பைக்குப் போகாமல் நேராக உள்பெட்டியில் வந்து உட்கார்ந்தது. திறந்து, சின்ன அம்புக்குறியை அழுத்தி, முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள். தோட்டத்து முகவரிதான். அதற்கு மேலே தடித்த எழுத்தில் அனுப்புநர் பெயர் இருந்தது. பவானேஸ்வரி ஏ/பி நல்லமுத்து. தன் போனில் தன் பெயரைத் தினம் நூறு தடவை பார்ப்பவள். கண் அதன்மேல் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது.

பதினொன்று இருபத்தாறுக்குக் கடிதத்தை இணைத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பெட்டி ஒரு வரி காட்டியது. கிராணிக்கு அந்த வரியைத் தொட்டுக் காண்பித்தாள். கிராணி உற்சாகமாகிக் கீழே ஒட்டுக்கடையில் மூன்று தே தாரே டீக்குச் சொன்னார். ஒன்று நல்லமுத்துவுக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அப்பா டயர் அடுக்கின்மேல் கிளாசை வைத்து ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையை மட்டும் உயர்த்தி, என்ன என்று கேட்டார். கட்டை விரலைக் காட்டினாள்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. அந்த அதிகாரிதான். கிராணி அவள் கேட்கட்டும் என்று சத்தமாகக் கேட்கும்படி பொத்தானை அமுக்கினார். அந்தப் புவான், அதாவது அம்மையார், மலாயில் மரியாதையாகவே பேசினார். நல்லமுத்து விஷயமாகக் கடிதம் வந்திருக்கிறது, நீங்கள் அனுப்பியதுதானா என்றார். ஆமாம் என்றார் கிராணி. தோட்டத்து முகவரிதான், சரி. ஆனால் அனுப்பியவர் பெயர் பவானேஸ்வரி ஏ/பி நல்லமுத்து என்று இருக்கிறதே, அது யார் என்று கேட்டார்.

பவானிக்கு அப்போதுதான் உறைத்தது. முகவரி ஓர் இடம், பெயர் இன்னோர் இடம். முகவரியை அவள் சொல்லியிருந்தாள். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முழுப்பெயரைக் கணக்கிலிருந்து பெட்டி தானாக எடுத்து ஒட்டும். இது அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தது.

வேறு எவள் பெயராக இருந்தாலும் கிராணியின் ஆபிஸ் பெண் என்று போயிருக்கும். இந்தப் பெயர் தன் அப்பனைத் தானே காட்டிக்கொடுத்தது.

உங்கள் ஊழியரா என்று புவான் கேட்டார். கிராணி பவானியைப் பார்த்தார். அந்த அறுபத்தொரு வயதுக்காரர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. இல்லை என்றார். அப்படியென்றால் நீங்கள்தான் அனுப்பினீர்களா? எனக்குக் கணினி தெரியாது, புவான் என்றார். இரண்டும் உண்மை.

பவானி தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தாள். தான்தான் அந்தப் பவானேஸ்வரி என்றும், கிராணியின் கணினி கெட்டுவிட்டதால் உதவிக்கு வந்ததாகவும், பெயர் தவறுதலாக விழுந்துவிட்டதாகவும் சொன்னாள். இரண்டு நிமிஷம் கொடுங்கள், சரியாக அனுப்பிவிடுகிறேன் என்றாள். பதிலுக்குக் காத்திராமல் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பழைய கட்டளையைத் திரும்ப வரவழைத்து, நடுவில் பெயருக்கென்று ஒரே ஒரு துண்டைச் சேர்த்தாள். கணேசமூர்த்தி ஏ/எல் இருளாண்டி, அதாவது இருளாண்டியின் மகன். நாற்பது விநாடி வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய நாற்பது விநாடி.

அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்குகிற சத்தம் கேட்டது. வந்துவிட்டது என்று தெரிந்தது. புவான் கேட்டார்: இது கணேசமூர்த்தியின் பெயரில் இருக்கிறது. அதே கடிதம், அதே முகவரி. இதை அனுப்பியது யார்?

"நான்தான், புவான்" என்றாள் பவானி.

அப்படியானால் அந்த இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாமா என்று கேட்டார் புவான்.

இல்லை என்று சொல்லலாம். புவானுக்குக் கட்டளையெல்லாம் தெரியப்போவதில்லை. ஆனால் இருபது நிமிஷத்துக்குள் இரண்டு பெயரை அவர் கண்ணுக்கு முன்னாலேயே போட்டுக் காட்டியாகிவிட்டது. முகவரியையும்கூட அப்படித்தான் போட்டாள்; நல்லவேளை, அதை அவர் கேட்கவில்லை. போடலாம் என்பதற்கு மலாயில் ஒரே சொல்.

"போலே, புவான்."

கிராணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். புவான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பவானி அழுதோ கெஞ்சியோ பார்த்திருப்பாள். நீ சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் நான் நம்புவதை எழுதக் கோப்பில் இடமில்லை என்றார். வந்தது இரண்டையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தாக வேண்டும். மனுதாரரின் மகள், தோட்டத்து முகவரியிலிருந்து, தோட்டத்து ஊழியர் பெயரில் அனுப்பியிருக்கிறாள். இதைப் பார்த்த பிறகு கோப்பு மேலே போகாது. விசாரணைப் பிரிவுக்குத்தான் போகும். மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டாள் பவானி. தொலைபேசியில் பேசுவதும் கோப்பில் வராது என்றார் புவான். விசாரணை எத்தனை நாளாகும் என்று கேட்டாள். கடிதம் வரும், அதுவரை காத்திருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கடைசியாக, மன்னித்துக்கொள் தங்கச்சி என்று மலாயில் சொல்லித்தான் வைத்தார்.

மணி பன்னிரண்டு ஆவதற்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பவானி மேனேஜரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, பிறகு அழைக்கிறேன் என்று எழுத்தில் ஒன்று வந்தது. திரையில் கட்டளைக் குறி விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. கணக்கில் உள்ள முழுப்பெயரை மாற்ற ஒரு வரி போதும். கணக்கையே அழிக்கவும் ஒரு வரிதான். பெட்டி எதற்கும் மாட்டேன் என்று சொல்லாது. போனதைத் திரும்பக் கூப்பிட மட்டும் அதில் கட்டளை கிடையாது.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே பவானி" என்றார் கிராணி.

"இல்ல அங்கிள்."

"உன்ன ஸ்டாஃபுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாளோ? சொல்லிட்டு நாளைக்கு இபிஎஃப் காட்டு, பேரு காட்டுன்னு வந்தா நான் எங்க போவேன், நீயே சொல்லு. பென்சனும் இல்லாம கெடக்குறேன். என்னய உள்ள புடிச்சுப் போட்டா யாரு வருவா லா?"

பவானி அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், அது நிற்கவில்லை. திலீபன்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை. ரூட்டாகவே அசிங்கமாக அனுப்பியிருந்தால், குப்பையில் விழுந்திருந்தாலும், புவானைக் கூப்பிட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ரூட்டுக்கு அப்பன் இல்லை. முறையாகச் செய்யப் போய்த்தான் இந்தக் கதி. திரையை அணைத்து, கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டாள். கிளம்பும்போது கிராணி, அப்பன்கிட்ட பக்குவமா சொல்லு, முதுகு சரியில்லாதவன் என்றார். இத்தனை வருஷத்தில் அந்த முதுகைப் பற்றி அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

படி இறங்கும்போது எப்படிச் சொல்வதென்று யோசித்துப் பார்த்தாள். முகவரி வேறு, பெயர் வேறு என்று அப்பாவுக்குச் சொல்ல முடியாது. மின்னஞ்சல் என்றால் அவருக்கு போனில் வருகிற ஏதோ ஒன்று. அனுப்பியவர் பெயர் என்று ஒன்று தனியாக இருப்பதும், அதில் யாரும் எதையும் எழுதலாம் என்பதும், எழுதலாம் என்பதாலேயே எழுதிய உண்மையும் செல்லாமல் போனதும், படித்த புவானுக்கே சொல்லிப் புரியவைக்க முடியாத சங்கதி.

நல்லமுத்து காலி கிளாசை ஒட்டுக்கடையில் கொடுத்துவிட்டு வந்து மோட்டாரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். வெயிலில் சீட்டு கொதித்தது. தோள் துண்டை எடுத்து அவள் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டார்.

"போயிருச்சாம்மா?"

"போயிருச்சுப்பா."

"ஐயா கையெழுத்தெல்லாம் போட்டாரா?"

"அது மேனேஜர் போட்டது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சுப்பா. கிராணி பேர்ல போகணும். என் பேர்ல போயிருச்சு."

நல்லமுத்து துடைப்பதை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். மகள் ஏன் இப்படி வெளிறிப்போய் நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. இத்தனை படித்தவள் இதற்குப் போய் மருகுகிறாளே என்று ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது.

"உன் பேர்ல போனா நல்லதுதானே. உன்னோடது நீலம். என் பேர்ல போட்டதெல்லாம்தான் ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு" என்றார். "போதாததுக்கு என் பேரும் அதுலயே இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்துக் குடுப்பாங்க லா."

ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார். வாரை மாட்டத் தெரியாதவள்போல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவரே வாங்கி அவள் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே மாட்டிவிட்டு, வலியில் முதுகைப் பிடித்தபடி மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்.